பதினான்கு படிகள்

என் முதல் வேலையில் பில்ட் என்பது ஒரு மனிதர்.

கடைகளில் பில் போடும் சின்ன மெஷின்களுக்கான சி நிரல் அது. முப்பது சொச்சம் கோப்புகள். அவற்றைக் கம்பைல் செய்து, ஒன்றாக இணைத்து, கஸ்டமருக்கு அனுப்பும் வடிவத்துக்குக் கொண்டுவர மொத்தம் பதினான்கு படிகள். பதினான்கும் ஒரு சீனியரின் தலைக்குள் இருந்தன. எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். சேர்ந்த வாரம் அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அவருடைய அம்மா இறந்த மூன்றாம் நாள் அவருக்கு போன் பண்ணினேன். இதை எழுதும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அன்று காலை நான் அனுப்பிய பில்டில், தள்ளுபடி வரவேண்டிய இடத்தில் வரி அச்சாகிக்கொண்டிருந்தது. மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நிரலை மூன்று முறை படித்துவிட்டேன், தப்பே கண்ணில் படவில்லை. வேறு வழி தெரியாமல் அவர் நம்பரை அழுத்தினேன். அந்தப் பக்கம் ஆட்கள் பேசும் சத்தம், பாத்திரச் சத்தம். "இரு, வெளில வரேன்" என்றார். பிறகு ஒரே கேள்வி: "ஹெடர் ஃபைல மாத்துனல்ல, பழைய ஓ ஃபைல் எல்லாத்தையும் அழிச்சியாப்பா?"

அழிக்கவில்லை. நோட்டில் அது ஏழாவது படி. எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்ய நேரமாகுமே என்று, நான் கை வைத்த கோப்பை மட்டும் கம்பைல் செய்திருந்தேன். ஆனால் ஹெடரில் இருந்த ஸ்ட்ரக்டின் நடுவில் வரிக்கு ஒரு புது இடம் சேர்த்திருந்தேன். பில் அச்சிடும் கோப்புக்கு அது தெரியாது. அது பழைய கணக்கிலேயே எண்ணிப் போய், தள்ளுபடி இருந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் வரியை எடுத்து அச்சடித்தது. அழித்துவிட்டு மறுபடி கட்டினேன், சரியாகிவிட்டது. அண்ணா கோபப்பட்டிருந்தால் ஒருவேளை இதை மறந்திருப்பேன்.

அந்த வார இறுதியில்தான் மேக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதியது. அவருடைய சக ஊழியர் ஒருவர், சரியாக இருந்த நிரலில் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிழை தேடியிருக்கிறார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார். திருத்திய கோப்பைக் கம்பைல் செய்ய மட்டும் விட்டுப்போயிருந்தது. மேக் பிறந்த கதை இதுதான். படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மேக்கின் அடிப்படை எளிது. மேக்ஃபைல் என்ற கோப்பில் விதிகள் எழுதுகிறோம். முதல் வரியில் நமக்கு வேண்டிய கோப்பின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, அது எந்தெந்தக் கோப்புகளை நம்பியிருக்கிறது என்ற பட்டியல். அடுத்த வரியில் அதை உருவாக்கும் கட்டளை. மேக் எல்லாக் கோப்புகளும் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்க்கும். நம்பியிருக்கும் கோப்பு புதிதாகவும் உருவான கோப்பு பழசாகவும் இருந்தால், அதை மட்டும் மறுபடி செய்யும். சட்னி தீர்ந்துபோனால் சட்னிதான் அரைப்போம், இட்லிக்கு மாவை மறுபடி அரைக்க மாட்டோம் இல்லையா, அப்படி.

என் முதல் மேக்ஃபைல் ஓடவில்லை. நாலாவது வரியில் செபரேட்டரைக் காணோம் என்றது. அரை மணிநேரம் போனது. கட்டளை வரி டேபில் தொடங்க வேண்டும்; என் எடிட்டர் அதை எட்டு ஸ்பேஸாக மாற்றி வைத்திருந்தது. இந்த டேப் விதி ஒரு தொல்லை என்று ஃபெல்ட்மேனுக்கே சீக்கிரம் புரிந்திருக்கிறது. ஆனால் அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்காக நாம் இன்னும் டேப் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த அடி இன்னும் பலமாக விழுந்தது. ஹெடரை மாற்றிவிட்டு மேக் என்று தட்டினேன். எல்லாம் அப்டுடேட் என்றது. அதே பழைய தவறு, இந்த முறை மெஷினின் சான்றிதழோடு. பட்டியலில் சி கோப்புகளை எழுதிய நான் ஹெடர்களை எழுதவில்லை. நாம் சொல்லாத உறவு மேக்குக்குத் தெரியாது. எம்எம்டி என்ற தேர்வைக் கொடுத்தால், எந்தக் கோப்பு எந்த ஹெடரை நம்பியிருக்கிறது என்று ஜிசிசியே எழுதிக் கொடுத்துவிடும் என்பதை அப்புறம்தான் கண்டுபிடித்தேன்.

அண்ணா திரும்பி வந்ததும் நோட்டோடு போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு படிக்கும் "இது ஏன்ணா?" என்று கேட்டேன். பாதிக்கு மேல் உடனே சொன்னார். பதினோராவது படியில் நின்றார். ஒரு கோப்பை வேறு பெயரில் காப்பி எடுக்கும் படி அது. "தெரியலப்பா. எனக்கு முன்னாடி இருந்தவர் சொல்லிக் குடுத்தார், நானும் செஞ்சுட்டே இருக்கேன்." எடுத்துப் பார்த்தோம். எதுவும் உடையவில்லை. எத்தனை வருஷம் அதைச் செய்திருப்பார் என்று இரண்டு பேருமே கணக்குப் போடவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேக்ஃபைலைத் திறப்பதற்கு முன்னால், கை என்னென்ன செய்கிறது என்று தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் இன்னும் பக்கத்து சீட்டில் இருக்கும்போதே கேளுங்கள்.

எல்லாம் முடிந்த அன்று அவரையே மேக் என்று தட்டச் சொன்னேன். வரிகள் ஓடி நின்றன. "இவ்ளோதானா?" என்றார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டீ குடிக்க எழுந்து போனார்.

அடுத்த வருஷம் அம்மாவின் முதல் திவசத்துக்குப் பத்து நாள் லீவ் போட்டு ஊருக்குப் போனார். இடையில் இரண்டு ரிலீஸ் போனது. திரும்பி வந்ததும் என் மேஜைக்குத்தான் முதலில் வந்தார்.

"ஏம்ப்பா, ஒரு போன்கூட வரல?"

நிம்மதியில் கேட்டாரா, வருத்தத்தில் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.