ஏட்டிலும் திரையிலும் வாடைக்காற்று

நாவலைப் படித்தோர் அதனைத் திரையிற் கண்டு மனநிறைவு பெறுதல் அரிது. கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்னும் குறை எக்காலத்தும் எழுவதே. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களைக் கொண்டது. அது 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரண்டு படங்களாக வெளிவந்தபோதும் விடுபட்டவற்றை எண்ணி வருந்தியோர் பலர். ஆயின், விடுபட்டது எது என்று கணக்கிடுவது மட்டும் போதுமா? பாலமுனைக் கடற்கரையிற் பிறந்து, யாழ்ப்பாணம் வந்து நம் கல்லூரி விடுதியில் தங்கிப் பயின்ற எனக்கு, இதனை வேறுவிதமாக நோக்கக் கற்பித்தது ஒரு ஈழத்து நாவல்.

அது செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. மாணவர்களுக்குப் புவியியல் நூல்கள் பல எழுதிய க. குணராசா அவர்களின் புனைபெயரே செங்கை ஆழியான் என்பது. வாடை தொடங்கியதும் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி அமைத்து மீன்பிடிக்கும் வெளியூர்த் தொழிலாளர், அத்தீவின் மக்கள், இவர்களிடையே தோன்றும் காதலும் பகையும் ஆகியனவே அதன் பொருள்.

விடுமுறையில் அந்நூலை ஊருக்குக் கொண்டுசென்று வாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தொடக்கத்திலேயே அவர் தடுத்தார். "வாடையில ஆரு மகன் கடலுக்குப் போற?" என்றார். கேள்வி நியாயமானதே. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். கரைவலைக்காரர் தோணியைக் கரையேற்றி, வலையை மடித்து வைத்துவிடுவர். எங்களூரில் வாடை என்றால் கடன் வாங்கும் காலம். நெடுந்தீவுக் கதையிலோ அது தொழில் தொடங்கும் காலம். காற்று ஒன்றே, கரைக்குக் கரை அதன் பொருள் வேறு. இதனை விளங்கிக்கொண்ட பின்னர் வாப்பா குறுக்கிடவில்லை. தாம் ஒருநாளும் காணாத நெடுந்தீவைத் தம் மனத்திலே கட்டிக்கொண்டார். அவருடைய தீவில் பனைக்குப் பதிலாகத் தென்னை நின்றிருக்கவும் கூடும். அதனாற் குறையொன்றுமில்லை. வாசகனுக்கு நாவல் தரும் உரிமை அதுவன்றோ?

1978 இல் அந்நாவல் பிரேம்நாத் மொறாயஸ் அவர்களின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. ஏ. ஈ. மனோகரன், கே. எஸ். பாலச்சந்திரன் முதலிய நம் நாட்டுக் கலைஞர் நடித்தனர். வாப்பாவையும் படமாளிகைக்கு அழைத்துச் சென்றேன். வெளியே வந்ததும் அவர் சொன்னது இது: "நான் நெனச்ச ஊரு இதில்ல மகன், ஆனா ஆக்கள் நம்மட ஆக்கள்தான்."

பள்ளிக்கூடம் அதிகம் கண்டிராத அவருடைய அச்சொல்லிலும் மேலான விமரிசனத்தை நான் இன்றுவரை படித்ததில்லை. படம் அவருடைய தீவை எடுத்துக்கொண்டு, எல்லார்க்கும் பொதுவான ஒரு தீவைக் கொடுத்தது. ஆனால், சென்னையிலிருந்து வந்த படங்களையே பார்த்துப் பழகிய கண்களுக்கு, நம் கரையும் நம் மாந்தரும் திரைக்குரியோர் என்பதையும் அது காட்டியது. இழந்ததற்கு ஈடாகப் பெற்றது அது.

சிங்கள மக்கள் இதனை முன்னரே பெற்றிருந்தனர். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' 1944 இல் நாவலாக வந்தது. 1963 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைப் படமாக்கினார். தென்கரைச் சிற்றூர்க் குடும்பமொன்றின் அக்கதை, 1965 இல் புதுடில்லி உலகத் திரைப்பட விழாவில் தங்கமயில் விருது பெற்றது. தன் ஊரை உண்மையாக எழுதியவனை உலகம் தேடி வரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிற்க. படத்துக்கு ஆயுள் குறைவு. 1983 ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானபோது, இலங்கைத் திரைப்படச் சுருள்கள் பல அழிந்தன. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த நாம், ஏடும் எரியும் என்பதை மறக்க மாட்டோம். எனினும், அச்சேறிய நாவலின் ஒரு படி எங்கோ ஒரு வீட்டு அலுமாரியில் எஞ்சினாலும் போதும். அதனை மீண்டும் அச்சிடலாம், மீண்டும் படமாக்கலாம்.

ஆதலின், கல்லூரியில் இன்று பயிலும் தம்பியரே, நாவல் சிறந்ததோ படம் சிறந்ததோ என்று பட்டிமன்றம் நடத்துமுன், உங்கள் ஊரை எழுதத் தொடங்குங்கள். கரைவலை இழுப்பவனுக்கு வாடை மாதங்களில் அடுப்பு எவ்வாறு எரிகிறது என்பதை அக்கரையிற் பிறந்தவனே எழுத வல்லவன். அவன் எழுதினாலன்றோ, பின்னொருநாள் அதனைத் திரையிலிட ஒருவர் வருவார்!