யானை பார்க்கப் போனோம்

"வாப்பா, ஆபிரிக்காவுக்குப் போனால்தானா சஃபாரி?"

தொலைக்காட்சியில் சிங்கக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மகளின் கேள்வி இது. "அது நமக்குத் தெரிந்த சொல்தான் மகள்" என்றேன். "பயணத்தை அரபியில் 'ஸஃபர்' என்கிறோம். அந்தச் சொல்தான் கிழக்கு ஆபிரிக்காவின் சுவாஹிலி மொழிக்குப் போய் 'சஃபாரி' ஆனது."

சொல் தெரிந்த எனக்கு அனுபவம் இருக்கவில்லை. ஆகவே தை மாதக் கடைசியில் ஒருநாள், சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு வவுனியாவிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டோம்.

பரந்தனில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பி, சுண்டிக்குளம் போய்ச் சேர்ந்தோம். 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. ஏறத்தாழ 19,500 ஹெக்டெயர். களப்பின் நடுவே நீளமாக ஓர் இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தது. "யாரோ சேலையை விரித்துக் காயப் போட்டிருக்கிறார்களா?" என்றார் என் மனைவி. அந்தச் 'சேலை' அசைந்தது. அத்தனையும் பூநாரைகள்! அலகைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, சிற்றுயிர்களை வடிகட்டி உண்கின்றன. அந்த உணவுதான் இறகுக்கு நிறம் கொடுக்கிறதாம். ஸுப்ஹானல்லாஹ்!

"யானை எங்கே?" என்றாள் மகள். அருகிலுள்ள ஆனையிறவின் கதையைச் சொன்னேன். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை அவ்வழியாகத்தான் யாழ்ப்பாணத்துக்கு நடத்திச் சென்று கப்பலேற்றினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர்கள் யானைகளையே திறையாகக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் வழியாக வந்தோம். மாலையில் வயலோரக் கொட்டிலொன்றில் தண்ணீர் கேட்டோம். அங்கிருந்த சகோதரி தேநீரே ஊற்றித் தந்தார். வந்த காரணத்தைச் சொன்னோம். அவர் மெல்லச் சிரித்தார்.

"நீங்கள் யானை பாக்க வந்தனீங்கள். நாங்கள் அது வரக்கூடாதெண்டு விடிய விடிய முழிச்சிருக்கிறம்."

சங்கிலியை அடகு வைத்து விதைத்த வயலாம். கதிர் முற்றி நின்றது. நாலு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னம்பிள்ளைகளைப் போன வருடம் ஒரே இரவில் யானைகள் பிடுங்கிப் போட்டுவிட்டனவாம். கணவர் பரணில் காவல். கையில் தகரமும் யானை வெடியும்.

யானையையும் குறை சொல்ல முடியுமா? நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி தேவைப்படும் உயிர். காடு சுருங்கினால் அது எங்கே போகும்? அண்மைய ஆண்டுகளில் நம் நாட்டில் வருடத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களும் அதைவிட அதிகமான யானைகளும் இந்தப் போராட்டத்தில் மடிகின்றார்கள்.

புறப்படும் நேரம், காட்டோரத்தில் கறுப்பாக ஓர் உருவம் தெரிந்தது. தனியன் யானை. காலையிலிருந்து அதற்காக ஏங்கிய மகள் கைதட்டவில்லை. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வயலையே பார்த்தாள்.

மாங்குளம் தாண்டிய பின்புதான் வாய் திறந்தாள்.

"வாப்பா, அந்த அக்கா இன்டைக்கு ராவாவது தூங்குவாவா?"

சகோதரிகளே, எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் குடும்பத்துக்காகவும், காட்டுக்குள் பசித்திருக்கும் அந்த உயிருக்காகவும் துஆச் செய்துகொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.