கோஹிமா டென்னிஸ் கோர்ட்

திமாப்பூர் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் சுமோவில் 70 கிலோமீட்டருக்கு மேல் மலையேறினால் கோஹிமா. எனக்குக் கிடைத்தது ஒரு நாகா பாட்டிக்கும் அவருடைய கோழிக் கூடைக்கும் நடுவில் அரை ஸீட். ஒவ்வொரு வளைவிலும் பாட்டி என் மேல் சாய்ந்து சிரித்தார். கோழி சிரிக்கவில்லை. கொத்தியது.

''டேய், காசு செலவு பண்ணி நாகாலாந்து வரை போய் சுடுகாடு பார்க்கிறவன் நீ ஒருத்தன்தான்!'' என்று வழியனுப்பியிருந்தான் நண்பன்.

அவன் சொன்ன சுடுகாடு ஊருக்கு நடுவில், காரிஸன் குன்றில் இருக்கிறது. படிப்படியாக இறங்கும் புல்வெளியில் 1,420 கல்லறைகள். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தனி நினைவுச் சின்னம். நடுவில் ஒரு டென்னிஸ் கோர்ட்டின் கோடுகள்! அந்தக் காலத்து டெபுடி கமிஷனர் மாலையில் பந்தடித்த இடம். 1944 ஏப்ரலில் அதன் ஒரு பக்கம் ஜப்பான்காரர்கள், மறு பக்கம் பிரிட்டிஷ் படை. பந்துக்குப் பதில் கையெறி குண்டு.

கதை 1942-ல் ஆரம்பிக்கிறது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. அதே மாதம்தான் பர்மாவில் இருந்த படையை வில்லியம் ஸ்லிம் என்ற ஜெனரலிடம் ஒப்படைத்தார்கள். மூழ்குகிற கப்பலுக்குப் புது கேப்டன் மாதிரி! சுமார் 900 மைல் பின்வாங்கல். பிரிட்டிஷ் ராணுவ சரித்திரத்திலேயே நீளமானது. மே மாதம் கொட்டுகிற மழையில் இம்பால் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். ஆனால் துப்பாக்கியைக் கீழே போடவில்லை. கும்பலாக ஓடி வரவில்லை. அணி அணியாக வந்தார்கள். ஸ்லிம் ரோட்டோரம் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1943-ல் பதினான்காவது ஆர்மி அவர் கைக்கு வந்தது. முன்வரிசைக்குப் பாதி ரேஷன் என்றால் தன் தலைமையகத்துக்கும் பாதி ரேஷன் என்றார். (எங்கள் ஆபீஸில் சிக்கனம் என்றால் குமாஸ்தாக்களுக்கு டீ கட். எம்.டி. ரூமுக்கு ஃப்ளாஸ்க் போய்க்கொண்டுதான் இருக்கும்!) சாமான் போட பாராசூட் தட்டுப்பாடா? கல்கத்தா சணலில் தைக்கச் சொன்னார். வழக்கமான பாராசூட் 20 பவுனுக்கு மேல். சணல் 1 பவுன் சொச்சம். பி.காம். படித்தவனுக்கு இதைவிட இனிப்பான சேதி உண்டா?

1944 மார்ச்சில் ஜப்பானிய ஜெனரல் முதாகுச்சி இந்தியாவுக்குள் படை அனுப்பினார். கூடவே நேதாஜியின் ஐ.என்.ஏ.வும் வந்தது. கையில் சுமார் மூன்று வார ரேஷன்தான். மீதியை இம்பால் கிடங்கைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு. ஸ்லிம் இந்தத் தடவை வேண்டுமென்றே பின்வாங்கி, படைகளை இம்பால் சமவெளிக்கு இழுத்துக்கொண்டார். எதிரி தூரம் வரட்டும், சோறு தீரட்டும்!

ஆனால் அவர் கணக்கிலும் ஓட்டை. கோஹிமாவுக்கு ஒரு ரெஜிமெண்ட்டுக்கு மேல் வராது என்று நினைத்தார். வந்ததோ ஒரு முழு டிவிஷன், 12,000 பேருக்கு மேல். ஊரில் இருந்தது சுமார் 2,500 பேர். அதில் சண்டை போடக் கூடியவர்கள் 1,500 பேர். தண்ணீருக்கும் பஞ்சம். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு உதவிப் படை வந்தது. ஜூன் 22-ல் இம்பால் ரோடு திறந்தது. ஜப்பான் தரப்பில் சுமார் 30,000 பேர் செத்தார்கள். பசியும் நோயும் கொன்றவர்கள் ஏராளம். 1945 மே மாதம் ரங்கூன் திரும்பக் கிடைத்தது.

தோற்றுக்கொண்டிருந்த முதாகுச்சி, தனக்குக் கீழே இருந்த மூன்று டிவிஷன் தளபதிகளையும் பதவியிலிருந்து தூக்கினார். ஜெயித்த ஸ்லிம், 1956-ல் எழுதிய புத்தகத்தில், கோஹிமா கணக்கில் தப்பு செய்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். கேட்க ஆளில்லாதபோது!

டென்னிஸ் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு உறுத்தியது. பழைய கம்பெனியில் வருஷக் கணக்கு முடிக்கும்போது ஸ்டாக் மதிப்பில் ஒரு பிசகு. செய்தது நான். எம்.டி. கத்தியபோது என் வாய் தானாக ஜூனியர் பையன் பேரைச் சொன்னது. அவனுக்கு மெமோ, இன்க்ரிமென்ட் கட். எனக்கு மதியம் சாப்பாடு வழக்கம்போல இறங்கியது.

ராத்திரி லாட்ஜிலிருந்து அவனுக்கு போன் போட்டேன்.

''தம்பி, அந்த ஸ்டாக் கணக்கு... தப்பு என்னோடதுப்பா.''

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

''தெரியும் சார். ஷீட்ல உங்க கையெழுத்துதானே இருந்துச்சு.''

''அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா?''

''நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன் சார்.''

மறுநாள் இறங்கும்போதும் ஜன்னல் ஸீட் கிடைக்கவில்லை. மடியில் நோட்டை வைத்து, அந்த மெமோவை வாபஸ் வாங்கச் சொல்லி எம்.டி.க்கு லெட்டர் எழுதிக்கொண்டே வந்தேன். மலை வளைவில் கையெழுத்து கோணல்மாணல். படிக்க முடியாவிட்டால் நேரில் போய்ச் சொல்ல வேண்டியதுதான்.