மவுசை ஒதுக்கிவிட்டேன்



ஒரு வருஷமாக வலது கை நடுக்கம். மவுஸ் நான் வைத்த இடத்தில் நிற்பதில்லை. உங்கள் மெயில்களுக்குப் பதில் வராததற்கு அதுதான் காரணம், மறதி இல்லை.

லீவுக்கு வந்த பேத்தி, “மவுசை எதுக்கு அம்மாயி தொடறீங்க?” என்று தண்டர்பேர்டில் குறுக்குவழி காட்டினாள். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ‘ஆர்’ தட்டினால் பதில் எழுதலாம். இரண்டும் இடது கைப் பக்கமே. எழுதி முடித்ததும் கண்ட்ரோலோடு என்டர் தட்டினால் அனுப்பிவிடலாம். ஷிஃப்டும் சேர்த்து ‘ஆர்’ தட்டினால் பதில் எல்லாருக்கும் போகும், அங்கே கவனம்.

ராசிபுரத்தில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த விரல்கள், எழுத்து இருக்கும் இடத்தை இன்னும் மறக்கவில்லை. நேற்று ஒன்பது பேருக்குப் பதில் போட்டேன். மற்றவர்கள் கோபிக்காமல் காத்திருங்கள், கண்ணுகளா.