தேற்றா மரமும் தேற்றும் விரல்களும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதியில் தெற்கு நோக்கிச் செல்வோர்க்குக் கிழக்கே வங்கக் கடலும் மேற்கே வாவியும் துணைவரும். இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் ஆரையம்பதி, குருக்கள்மடம், செட்டிபாளையம் எனத் தொடரும் ஊர் வரிசையில், களுதாவளைக்கு வடக்கே அமைந்தது தேற்றாத்தீவு. கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலால் பெயர் விளங்கும் ஊர் அது.

தேற்றா மரத்தால் இவ்வூருக்குப் பெயர் வந்ததென்பர். குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் நீரை வார்த்து வைத்தால், சேறு அடியிற் படிந்து மேல்நீர் தெளியும். கலித்தொகைக் காலத்திலேயே தமிழர் அறிந்திருந்த உத்தி இது.

எழுவான்கரையில் வாழ்ந்து, வாவி கடந்து படுவான்கரையில் வயல் செய்வோர் இப்பகுதியில் பலர். வலை வீசுவோரும் தோட்டங்களுக்கு நீர் இறைப்போரும் உளர். உழைக்கும் உடம்புக்கு உளைவு புதிதன்று. யான் சென்ற காலை, ஒரு முதிய பரிகாரியாரின் விறாந்தையில் இருவர் காத்திருந்தனர்.

முதல்வர் ஒரு மீனவர். அவருடைய தோளின் இறுகிய தசையைப் பரிகாரியார் பெருவிரலால் அழுத்திச் சற்று நேரம் அப்படியே நிறுத்தினார். நெரிந்திருந்த முகம் மெல்ல மலர்ந்தது. விரலழுத்தம் செய்யும் மாயம்தான் யாது?

தொடுகையையும் அழுத்தத்தையும் உணர்த்தும் நரம்பிழைகள் தடித்தவை. செய்தியை விரைந்து கொண்டு செல்பவை. நோவை உணர்த்துவனவோ மெல்லியவை. முள்ளந்தண்டு வடத்தில் வாயில் போன்றதோர் அமைப்பு உண்டென்றும், அழுத்தத்தின் செய்தி அதனை ஓரளவு அடைத்து நோவின் செய்தியைத் தடுக்கிறதென்றும் 1965ஆம் ஆண்டில் மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர் விளக்கினர். தசையை இறுகச் செய்யும் நரம்பணுக்களின் கிளர்ச்சியும் பிசையும்போது தணிகிறது. கனடாவில் கெண்டைக்காற் தசையை வைத்து நடத்திய சோதனைகள் இதனைக் காட்டின; ஆனால், கையை எடுத்ததும் அக்கிளர்ச்சி பழைய நிலைக்கு மீண்டது என்பதையும் அவை காட்டின.

நம் சித்த மருத்துவர் உடலில் 108 வர்மப் புள்ளிகளைக் கூறுவர். சீனரின் புள்ளிமுறையோ அக்குபிரசர் எனப்படும். தைவானில் இடுப்பு நோவுற்ற 129 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான இயன்மருத்துவம் பெற்றவரினும் அக்குபிரசர் பெற்றவர் கூடுதல் நலம் கண்டனர். ஆறு மாதங்களின் பின்னும் அப்பயன் நிலைத்தது. ஆகவே இக்கலையை வெறும் நம்பிக்கையென்று ஒதுக்கிவிட இயலாது.

அடுத்து வந்தவர் ஓர் இளம் விவசாயி. இடுப்பு நோவுக்கு எண்ணெய் போட்டுப் பிடித்துவிட வேண்டுமென்றார். பரிகாரியார் அவரை முற்றத்தில் நடக்கச் சொன்னார். வலப்பாதம் மணலைக் கீறிக்கொண்டு சென்றது. காலின் புறத்தே விரலால் தொட்டு, “தெரியுதா?” என்று வினவினார். இளைஞர் தலையசைத்து மறுத்தார்.

“மனே, உளைவு எண்டா நான் கைவைப்பன். விறைப்புக்கு என்ட கை காணாது. இண்டைக்கே களுவாஞ்சிக்குடி ஆசுபத்திரிக்குப் போ.”

எண்ணெய்க் கிண்ணம் மூடப்பட்டது. அன்றைய வருமானத்திற் பாதி போயிற்று. ஆயினும் ஒரு கால் பிழைக்க வழி பிறந்தது.

முதுகெலும்பிடை வட்டு பிதுங்கி நரம்பை நெருக்கினால், பாதம் தளரும், தோல் மரக்கும், சிறுநீர்க் கட்டுப்பாடும் தவறலாம். அந்நிலையில் மணிக்கணக்கும் பொருட்டாகும். திடீரென முகம் கோணினாலும் ஒருபக்கக் கை கால் சோர்ந்தாலும் அது பக்கவாதமாயிருக்கலாம். பிடித்துவிட ஆள் தேடுதல் தகாது. நீரிழிவால் உணர்ச்சி குன்றிய பாதத்தை வன்மையாக அழுத்தினால் புண்ணாகும். நோயாளிக்கோ அது தெரியாது. வீட்டிலுள்ள பெரியோர்க்கு இளையோர் இவற்றை எடுத்துரைத்தல் நன்று.

மாலையில் வாவிக்கரையில் நின்றபோது ஊரின் பெயரே நினைவில் நின்றது. தேற்றாங்கொட்டை கலங்கிய நீரைத் தெளிவிக்கும். குடத்தின் ஓட்டையை அடைக்காது. நீர் குறைவது கண்டு குயவனிடம் அனுப்பத் தெரிந்த கையே நல்ல கை.