இன்னும் ஒரு நூல்

குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நண்பரின் பூர்வீக ஓட்டு வீடு. தெருவிலிருந்து திண்ணைக்கு ஒரே படிதான். ஓரமாகத் தோண்டியிருந்த பள்ளத்தில் எட்டிப் பார்த்தால், கீழே இன்னும் இரண்டு படிகள் புதைந்து கிடக்கின்றன. திண்ணை தாழவில்லை, தெருதான் வளர்ந்திருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் போட்டுக்கொண்டே போனதன் பலன். சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். இந்தத் தெரு அதற்கு முன்பே உயர்ந்துவிட்டது.

திண்ணைக்கு வெளியே கூரையைத் தாங்கும் மரத்தூணைக் கல்லின் மேல் நிறுத்துவதே அதன் அடியில் ஈரம் ஏறாமல் இருக்கத்தான். இங்கே கல் புதைந்துபோய், தெருத் தண்ணீர் மரத்தையே தொட்டுக்கொண்டிருந்தது. ஆசாரி தூணின் அடியில் உளியை வைத்து அழுத்தினார். சுத்தியலுக்கு வேலையே இல்லை, பாதி உளி உள்ளே போய்விட்டது.

தூணைத் தூக்குமுன், கூரையின் பாரத்தைக் குறைக்க ஓடுகளை இறக்கினார்கள். வங்கி ஊழியர், பள்ளிக்கூட வாத்தியார், லாரிப் பட்டறைக்காரர், எல்லாம் நண்பரோடு படித்தவர்கள். வரிசையாக நின்று கை மாற்றிக் கொடுத்தார்கள். எல்லாம் நாட்டு ஓடு. இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. எங்காவது வீடு இடித்தால் போய் வாங்கிவர வேண்டும். குரங்குகள் உடைத்தது போதாதென்று வாத்தியாரும் ஒன்றைப் போட்டு உடைத்தார். சாப்பாட்டு நேரம்வரை அவரை யாரும் விடவில்லை.

பிறகு ஜாக்கி. பட்டறையிலிருந்து வந்த லாரி ஜாக்கிகளைப் பலகைமேல் வைத்து, உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

“தம்பி, ஒரு நூல் ஏத்துங்க.”

நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஏற்றினார்கள்.

“இந்தப் பக்கம் ஒரு நூல். நிறுத்துங்க. இன்னும் ஒரு நூல்.”

மேலே ஏதோ கைமரம் சடசடத்தது. வங்கி ஊழியர் பின்வாங்கினார். “அது பேசும், பேசட்டும். நீங்க பேசாதீங்க,” என்றார் ஆசாரி. தூண் கல்லைவிட்டு எழுந்து, அடியில் வெளிச்சம் தெரிந்தது. உளுத்த பகுதியை அறுத்துவிட்டு, அந்த உயரத்துக்குக் கருங்கல் வைத்தார். இனி தெரு கொஞ்சம் வளர்ந்தாலும் தாங்கும்.

சுவரைக் கெடுத்தது வேறு. எப்போதோ ‘கெட்டியாக இருக்கட்டும்’ என்று சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. பூச்சைக் கொத்தி எடுத்தால் உள்ளே செங்கல் உப்புப் பூத்து, விரல் பட்டாலே உதிர்கிறது. கொல்லையில் சுண்ணாம்பை நீற்றி வைத்திருந்தார்கள். பக்கத்துப் பானையில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறி, புளித்த வாடை. சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. அடுத்த வாரமே திண்ணையில் சீட்டாடலாம் என்றிருந்தவர்களைப் பார்த்துக் கொத்தனார் சிரித்தார்.

நண்பர்கள் சேர்ந்து திண்ணையை எடுத்துக் கட்டினார்கள் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. ஆசாரியும் கொத்தனாரும் கூலிக்கு வந்தவர்கள். நண்பர்களால் மிச்சமானது சித்தாள் கூலி. “அதைவிட அதிகமாச் சாப்பிட்டுட்டாங்க,” என்றார் நண்பரின் அம்மா.

மாலையில் சண்டை வந்தது. தெருவில் அநேகமாக எல்லாத் திண்ணையும் இரும்புக் கிரில்லுக்குள் போய்விட்டது. அம்மாவுக்கும் கிரில் வேண்டும். திண்ணையைக் கூண்டாக்குவதா என்று எல்லோரும் எதிர்த்தோம்.

“நீங்கள்லாம் பொழுது சாஞ்சா பஸ் ஏறிடுவீங்க. ராத்திரி நாய் வந்து படுத்தா யாரு வெரட்டுறது?”

யாரிடமும் பதில் இல்லை. ஆசாரிதான், பழைய வீடுகளில் இருப்பதுபோல் இடுப்புயரத்துக்கு மர அழி போட்டுத் தருகிறேன் என்றார். விலை கேட்டார் அம்மா. சொன்னார். கிரில் அதில் பாதிதான் ஆகும் என்று அம்மா கணக்குப் போட, மீதியை நண்பர்கள் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டார்கள். வாத்தியார் பங்கில் உடைந்த ஓட்டின் விலையும் சேர்ந்தது.