முகம் தெரியாதவரிடம் கேட்கும் யோசனை

நாகப்பட்டினத்தில் பஸ் ஏறினால் வேளாங்கண்ணி அரை மணி நேரம்தான். நான் போனது திருவிழாக் காலத்தில் அல்ல. ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் விழாவின்போது இங்கே நின்று யாரோடும் நாலு வார்த்தை பேச முடியாது. சாதாரண நாளில் போனால்தான் நான் பார்க்க நினைத்தது கண்ணில் படும்: முன்பின் அறியாத மனிதர்கள் வீட்டுக் கதையை ஒருவரிடம் ஒருவர் இறக்கிவைத்து, "இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்பது.

பேராலயத்தில் விண்ணப்பப் பெட்டி இருக்கிறது. தரையில் உட்கார்ந்து தாளில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு நெற்றியில் குங்குமமோ திருநீறோ இருந்தது. ஒரு பெண் முழங்காலில் தாளை வைத்து எழுதியவர், பாதியில் நிறுத்தி, ஒரு பெயரை அடித்துவிட்டு, அதே பெயரை மறுபடியும் எழுதினார். பிறகு தாளை நான்காக மடித்துப் பெட்டியில் போட்டார். இத்தாலியில் வெரோனா நகரத்து ஜூலியட்டுக்கு உலகமெங்கும் இருந்து காதல் சிக்கல்களை எழுதி அனுப்புகிறார்கள். அங்கே தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறார்கள். மாதாவுக்கு எழுதும் தாளுக்கு அப்படிப் பதில் வராது. அது வேண்டுதல். வேண்டுதலை மாதாவிடம் வைத்துவிட்டு, வழியைப் பக்கத்தில் இருக்கும் மனுஷரிடம் கேட்கிறார்கள் ஜனங்கள்.

பேராலயத்திலிருந்து மாதா குளத்துக்குப் போகும் பாதையில் மணல் பரப்பி வைத்திருக்கிறார்கள், முழந்தாளிட்டுப் போவோருக்காக. அந்தப் பாதையோர நிழலில்தான் ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. மன்னார்குடிப் பக்கத்து அம்மா, அறுபதை நெருங்கும் வயது. பக்கத்தில் காரைக்காலில் இருந்து வந்த பெரியம்மா ஒருவர், தூத்துக்குடிப் பெண் ஒருவர். மூவரும் அன்று காலையில்தான் அறிமுகமாகியிருக்கிறார்கள்.

"அண்ணன் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடச் சொல்றாரு. அப்பா போய் ஒரு வருஷம் ஆச்சு. பத்து மா நஞ்சை. போட்டுட்டா அண்ணன் வீட்டு வாசல் எனக்குத் திறந்திருக்கும். போடலைன்னா பொறந்த வீடே இல்லைன்னு ஆயிடும்."

காரைக்கால் அம்மா யோசிக்கவே இல்லை. "போட்டுக் குடுத்துடு தங்கச்சி. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா வந்து நிக்கப்போறது அவன்தானே?"

தூத்துக்குடிக்காரர் விடவில்லை. "எங்கள்ல ஆம்பளப் பிள்ளைக்கும் பொம்பளப் பிள்ளைக்கும் சரிபங்குதான்க்கா. எதுக்கு விட்டுக்குடுக்கணும்?"

தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சேர்ந்துகொண்டார். "கல்யாணம் எப்ப ஆச்சும்மா? எம்பத்தாறா? அப்ப பங்கு கிடையாதும்மா. எம்பத்தொம்பதுக்கு அப்புறம் ஆனவங்களுக்குத்தான் சட்டம்."

மூன்று பேரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள், ஆளுக்கு ஆள் தங்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்து. தூத்துக்குடிப் பெண் சொன்னது கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்; இந்த அம்மா இந்து, அவருக்கு அந்தச் சட்டம் இல்லை. பெரியவர் சொன்னது ஒரு காலத்தில் சரி. 1989 மார்ச் 25 முதல் செல்லும்படி இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு தந்தது; ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9-ல் மத்திய அரசின் திருத்தம் நடப்புக்கு வந்தது. அதில் அந்த விலக்கு இல்லை. அன்றைக்குத் தகப்பனார் உயிரோடு இருந்தாரா என்று பார்க்கவும் தேவையில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கதை வேறு. அப்பா உயில் எழுதியிருந்தாலும் வேறு.

எனக்கு உறுத்தியது வேறொன்று. நிலம் யார் பேரில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் நானே கேட்டேன். "பட்டா இன்னும் தாத்தா பேர்லதான் இருக்குங்க" என்றார் அந்த அம்மா. பாகம் பிரித்தார்களா? "வாய்ப்பேச்சாப் பிரிச்சாங்க. எழுத்து ஒண்ணும் இல்லை." பூர்வீகச் சொத்துபோல் தெரிகிறது, பதிவான பாகப்பிரிவினையும் இல்லை; அந்த இரண்டு பதிலில் விஷயம் முழுவதும் மாறிவிட்டது. கையெழுத்துப் போடுவதும் போடாததும் அவர் இஷ்டம். எதை விடுகிறோம் என்று தெரிந்துகொண்டு விடுவதற்கு அவருக்கு உரிமை உண்டு. வக்கீலிடம் காகிதத்தைக் காட்டாமல் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

ஊரிலேயே கேட்க ஆளில்லையா? இருக்கிறார்கள். கேட்டால் அன்று சாயங்காலமே அண்ணன் காதுக்குப் போய்விடும். யோசனை சொல்பவருக்கு அந்தப் பத்து மாவில் ஒரு கண் இருக்கலாம், அண்ணனோடு பழைய பகை இருக்கலாம். காரைக்கால் அம்மாவுக்கு இரண்டும் இல்லை. தினமலர் வாரமலரின் 'அன்புடன் அந்தரங்கம்' பகுதிக்கு எழுத்தாளர் அனுராதா ரமணன் பதில் எழுதிய காலத்தில் பெண்கள் வண்டி வண்டியாகக் கடிதம் எழுதியதும் இதே காரணத்தால்தான். பெயரைச் சொல்லாமல் வயிற்றில் இருப்பதைக் கொட்டலாம்.

காணிக்கை அருங்காட்சியகத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. வெள்ளியில் கண், கை, கால், வீடு. கூடவே நன்றிக் கடிதங்கள். எல்லாம் நல்லபடி முடிந்தவர்கள் கொண்டுவந்து வைத்தவை. முடியாமல் தவிப்பவர்கள் கடற்கரையில் இருக்கிறார்கள்.

கடைத்தெருவைத் தாண்டி, மீன் வறுக்கும் வாசத்தோடு மணலில் இறங்கினால் கடல். அங்கே வேதாரண்யம் பக்கத்துப் பையன் ஒருவன், பாலிடெக்னிக் முடித்தவன், மஸ்கட்டில் இருபது வருஷம் வெல்டராக இருந்து திரும்பிய பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தான். வளைகுடா வேலைக்கு ஏஜெண்ட் தொண்ணூறாயிரம் கேட்கிறாராம். "போன்ல போட்டுக் கேட்டேன் ஐயா. யார் யாரோ பதில் போட்டாங்க. பாதிப் பேர் போன்னாங்க, பாதிப் பேர் போகாதேன்னாங்க." சொந்தக்காரர்களிடம் கேட்கலாமே என்று பெரியவர் சொன்னதற்கு, "பணம் எங்க புரட்டுறேன்னு ஊருக்கே தெரிஞ்சிடும் ஐயா" என்றான்.

பெரியவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கேட்க ஆரம்பித்தார். "விசா என்ன விசா? விசிட்டா, எம்ப்ளாய்மெண்ட்டா?" தெரியவில்லை. "ஏஜெண்டுக்கு லைசென்ஸ் நம்பர் இருக்கா?" கேட்கவில்லை. "காண்ட்ராக்ட் காகிதத்தைக் கண்ணால பார்த்தியா? சாப்பாடு, தங்குற இடம் கம்பெனியா, உன் செலவா?" பையன் கடலைப் பார்த்தான். "பணத்துக்கு ரசீது தருவாரா?" என்று கேட்டபோது மட்டும், "கையிலதான் குடுக்கச் சொன்னாரு" என்று பதில் வந்தது.

பதிவுபெற்ற ஏஜெண்ட் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்குமேல் ஜி.எஸ்.டி. மட்டும். பெரியவருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் லைசென்ஸ் உள்ள ஏஜெண்டுகளின் பட்டியல் இருக்கிறது என்று சொல்லி, பையனின் போனிலேயே திறந்து காட்டினார். பெயரைத் தட்டித் தேடினார்கள். இல்லை. இன்னொரு தடவை எழுத்தை மாற்றித் தேடினார்கள். அப்போதும் இல்லை.

அத்தனை பேரிடம் கேட்டு வந்தவனுக்கு அந்தக் கால் மணி நேரத்தில் கிடைத்ததுதான் யோசனை. அந்தப் பெரியவரும் முகம் தெரியாதவர்தான். பதில் சொல்வதற்கு முன்னால் அவர் கேள்வி கேட்டார். போனில் பதில் போட்டவர்களில் ஒருவராவது விசா என்னவென்று கேட்டிருந்தால் பையன் இத்தனை நாள் அல்லாடியிருக்க மாட்டான். கேட்காமலே பதில் சொல்பவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் தன் கதைக்குத்தான் பதில் சொல்கிறார்.

திரும்பும் வழியில் மன்னார்குடி அம்மாவை பஸ் நிலையத்தில் பார்த்தேன். 15100 என்ற எண்ணை எழுதிக் கொடுத்தேன். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் அது. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் கிடைப்பார். மாவட்டந்தோறும் நீதிமன்ற வளாகத்தில் ஆணைக்குழு அலுவலகம் உண்டு. மனசு தாங்காமல் பேச ஆள் வேண்டும் என்றால் 14416, டெலி-மானஸ், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். கையெழுத்துப் போடும் முன்பு 15100-ல் ஒரு முறை கூப்பிட்டுக் கேளுங்கள்; ஏஜெண்டுக்குப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பு இ-மைக்ரேட் பட்டியலைப் பாருங்கள். உங்களிடம் யாராவது யோசனை கேட்டு வந்தால், பட்டா யார் பேரில், விசா என்ன விசா என்று முதலில் நீங்கள் கேளுங்கள்.